முதல் சூளை பிரித்த நாள்

"புதுச் சூளைய எதுக்கும்மா பிரிக்கப் போறீங்க?" என்று போனில் பதறினார் சென்னைக் கடைக்காரர். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. விருத்தாசலத்தில் சூளையைப் பிரிப்பது என்றால் இடிப்பது அல்ல. வெந்த சாமான்களை எடுக்க, வாசலை அடைத்த செங்கல்லை அகற்றுவது. அடுத்தவர் பட்டறையில் மின்சாரப் பீஸ் கட்டைக்குக் கூலிக்கு அச்சில் மண் அழுத்திக்கொண்டிருந்த நானும் என் கணவரும் சொந்தமாகச் சுட்ட முதல் சூளை அது. உள்ளே முழுக்க டீ கப்புகள். கடைக்காரருக்குப் பிடித்தால் பிழைத்தோம்; இல்லாவிட்டால் மறுபடி கூலிதான்.

பிரிக்கிற அன்று மனுஷன் காலையிலேயே வந்துவிட்டார். சாயங்கால ரயிலுக்குத் திரும்ப வேண்டுமாம். சூளையோ இன்னும் ஆறவில்லை.

"கொஞ்சம் தொறந்து காட்டுங்களேன்."

"அதுக்கென்னங்க," என்று என் கணவர் கடப்பாரையை எடுத்தார். எனக்கு வந்ததே கோபம்! சூட்டில் காற்று பட்டால் அத்தனையும் விரிசல் விட்டுவிடும்.

"கைய வையுங்க பாப்போம்," என்றேன். கடப்பாரை கீழே போனது.

"சார், எங்க ஊர பாக்காம போவலாமா? வாங்க," என்று கடைக்காரரைக் கிளப்பினேன். கோயிலில் கோபுரம் ஐந்து, நந்தி ஐந்து, தேர் ஐந்து என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். படியிறங்கி ஆழத்துப் பிள்ளையாரைக் கும்பிட்டோம். சூளை சீக்கிரம் ஆறணும் சாமி என்று மட்டும்தான் வேண்டினேன். மணிமுத்தாற்றில் தண்ணீரைவிட மணல்தான் இருந்தது.

"ஆறு எங்கேம்மா?"

"மழைக்கு வந்து பாருங்க, பாலத்துல நிக்க முடியாது!" ஊரை விட்டுக்கொடுப்பேனா?

பெண்ணாடம் ஆலைக்குப் போகும் கரும்பு டிராக்டர் ரோட்டை அடைத்தது. நல்லதாகப் போயிற்று. பிறகு செராமிக் பட்டறைகள்: ஒன்றில் பொம்மை, ஒன்றில் அகல் விளக்கு, போன இடமெல்லாம் டீ. கடைக்காரர் முகம் கடுகடுவென்று ஆனது. நான் இன்னொரு டீ சொன்னேன்.

வெயில் தாழ்ந்ததும் திரும்பி வந்து சூளை வாசல் செங்கல்லில் உள்ளங்கையை வைத்தேன். சுடவில்லை. பிரித்தோம். முதல் கப்பை எடுத்து விரலால் சுண்டினேன்.

ணங்!

விரிசல் இருந்தால் இந்தச் சத்தம் வராது. அடுத்தது ணங். அதற்கடுத்தது ணங். ஜெயிச்சிட்டோம்டா சாமி! என் கணவர் கப்பும் கையுமாக அழுதேவிட்டார். கடைக்காரர் தானே குனிந்து ஒவ்வொன்றாகச் சுண்டிப் பார்த்தார்.

"அத்தனையும் எனக்கே வேணும்மா. கையில இருக்கறதையும் வைங்க."

என் கையில் இருந்தது அந்த முதல் கப்பு.

"இத மட்டும் தர மாட்டேங்க. இது என்னுது."

அடுத்தவர் பட்டறையில் ஒரு நாளும் நான் சொல்லாத வார்த்தை.