பாத்ரூமில் காளான், பூவரசில் பூச்சி

எங்கள் வீட்டு பாத்ரூமில் காளான் முளைத்த சேதி ஊர் முழுக்கப் பரவியதற்கு நான்தான் காரணம். மூன்றாவதோ நான்காவதோ படித்துக்கொண்டிருந்தேன். மற்ற பிள்ளைகள் வீட்டில் நாய்க்குட்டி இருந்தது, கிளி இருந்தது. எங்கள் வீட்டில் காளான் இருந்தது. கதவு நிலையின் அடியில், தரையோடு ஒட்டி, பால் பற்கள் மாதிரி வெள்ளையாக வரிசை கட்டி எட்டிப் பார்த்தது. பள்ளிக்கூடம் விட்டதும் தோழிகளை அழைத்து வந்து கதவைத் திறந்து காட்டுவேன். சுவரில் கறுப்பாகப் படர்ந்திருந்த பூசணத்தையும் நான் விட்டுவைக்கவில்லை. "இது திருக்கை மீனு. இது அதோட வாலு. இந்தாண்ட கீது பாரு, அது எங்க மீன் புடிக்கிற போட்டு" என்று ஒவ்வொன்றாக விளக்குவேன்.

"உங்க பாத்ரூமு ஊசிப்போன சோத்துப் பான மாதிரி நாறுதுடி" என்று ஒருத்தி மூக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். பொறாமையில் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

அம்மாவுக்கு விஷயம் தெரிந்தபோது காது என் கையில் இல்லை, அவள் கையில் இருந்தது. "ஊருக்கெல்லாம் தண்டோரா போட்டுட்டு வந்தியா? அண்ணி வீட்டுக்குத் தெரிஞ்சா இன்னா ஆவும்னு யோசிச்சியா?"

நான் யோசிக்கவில்லை. ஆனால் சேதி அண்ணி வீட்டுக்குத் தனியாகப் போகவேண்டிய தேவையும் இருக்கவில்லை. அது அண்ணியின் நெஞ்சுக்குள்ளேயே ஏறி, அவள் பிறந்த ஊரான ஆரம்பாக்கம் வரைக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

அந்த பாத்ரூம் அண்ணிக்காகக் கட்டியது. எங்கள் ஊர் ஏரிக்கரையில், தோணிரேவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதுவரை வீட்டுக்குப் பின்னால் கீற்று மறைப்பில்தான் எல்லோருக்கும் குளியல். அண்ணனுக்குப் பெண் பார்க்க ஆரம்பாக்கம் போனபோது பெண்ணின் அம்மா நகை பற்றிக் கேட்கவில்லை, படகு பற்றிக் கேட்கவில்லை. "குளிக்கிற எடத்துக்குக் கதவு கீதா? உள்ளேர்ந்து தாப்பா போட முடியுமா?" என்று மட்டும் கேட்டார்களாம். என் அப்பா, நைனா, திரும்பி வந்த கையோடு செங்கல் இறக்கிவிட்டார். பழைய மரப்படகைப் பிரித்த பலகையில் கதவுக்கு நிலை செய்தார். "ஆயுசுக்கும் தண்ணில கெடந்த கட்ட. ரெண்டு சொம்பு தண்ணிக்கா பயப்படும்?" என்று எல்லோரிடமும் அந்த நிலையைத் தட்டித் தட்டிக் காட்டினார். பிற்பாடு காளான் தனக்குத் தோதான இடம் என்று தேர்ந்தெடுத்தது அந்தக் கட்டையைத்தான்.

பாத்ரூமை ஒட்டி ஒரு பூவரச மரம். படகுகள் கரையேறி, மீன் விற்றுப் போன பிறகு, ஆண்கள் வலையை எடுத்துக்கொண்டு அந்த நிழலுக்கு வந்துவிடுவார்கள். வலையின் ஓரத்தைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்து, கிழிசல் தைத்துக்கொண்டே உலக விஷயம் எல்லாம் பேசுவார்கள். அங்கே யார் எங்கே உட்காருவது என்பதற்கு ஒரு வரிசை உண்டு. மரத்தில் சாய்ந்து உட்காரும் இடம் மூத்தவர்களுக்கு. அது நைனாவுக்கும் பெரியப்பாவுக்கும் சொந்தம். பெரியப்பா நைனாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன், படகில் கூட்டாளி, வாய்க்குக் கதவும் கிடையாது தாழ்ப்பாளும் கிடையாது. அவர் சொன்னதை மறுநாள் ஊரே சொல்லும்.

அண்ணி வந்த புதிதில் வீட்டு வேலை முடித்து அந்த நேரத்துக்குத்தான் குளிக்கப் போவாள். உள்ளே போனால் பாட்டு. பேசும்போது எங்கே இருக்கிறாள் என்று தேடவேண்டிய பெண், பாடும்போது மட்டும் தொண்டையைத் திறந்து பாடினாள். சுவரின் மேலே வெண்டிலேட்டர் என்று ஒரு சந்து இருந்தது. பாட்டு அதன் வழியாக நேராகப் பூவரச நிழலில் வந்து இறங்கும். தைக்கிற கைகள் எல்லாம் கொஞ்சம் மெதுவாகும்.

ஒருநாள் அண்ணி தண்ணீர்க் குடத்தோடு அந்தப் பக்கம் வந்தபோது பெரியப்பா சும்மா இருக்கமாட்டாமல் கேட்டுவிட்டார்.

"இன்னாம்மா மருமவளே, நேத்து பாட்ட பாதில வுட்டுட்ட? மிச்சத்துக்காவ இத்தினி பேரும் ஊசியக் கைல வெச்சிகினு காத்துகினு இருந்தோமே!"

எல்லோரும் சிரித்தார்கள். பாசத்தில் கேட்ட கேள்விதான். நானும் சிரித்தேன். அண்ணியும் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. அன்றோடு பாட்டு நின்றது. பாட்டு மட்டுமல்ல, தண்ணீர் ஊற்றும் சத்தம்கூட வெளியே வராமல், சொம்பைச் சுவரோடு சாய்த்து ஊற்றிக் குளித்தாள். கடைசி ஆள் வலையைச் சுருட்டிக்கொண்டு போகும் வரைக்கும் காத்திருந்துதான் பல நாள் உள்ளே போனாள்.

நைனா இதைக் கவனித்திருக்கிறார். அண்ணன் முறைக்காரரைக் கேட்கவும் முடியாது, மருமகளிடம் பேசவும் முடியாது. ஆகையால் தனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தார். பைபர் படகில் ஓட்டை விழுந்தால் அடைக்கிற துணியையும் கெமிக்கலையும் எடுத்து வந்து, வெண்டிலேட்டரை வெளிப்பக்கத்திலிருந்து மூடிப் பூசினார். கதவுக்கு மேலே இருந்த இடுக்கையும் விடவில்லை. வேலை முடிந்ததும் இரண்டடி பின்னால் வந்து நின்று பார்த்தார்.

"இனிமே ஒரு சொட்டு உள்ள வராது. ஒரு சத்தம் வெளிய போவாது."

அண்ணி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். அந்தத் தடவை சிரிப்பு வந்தது.

மழைக்காலம் வந்தபோது சுவரில் முதல் கறுப்புப் புள்ளி தெரிந்தது. நைனா படகுக்காரர். உள்ளே ஈரம் என்றால் அவருக்கு ஒரே அர்த்தம்தான்: எங்கேயோ ஓட்டை. சுவரைத் தட்டிப் பார்த்தார், காதை வைத்துப் பார்த்தார், மேலே ஏறிக் கூரையைத் தடவினார். இருந்த விரிசலை எல்லாம் அடைத்தார். புள்ளி திட்டானது. இன்னும் அடைத்தார். திட்டு திருக்கையானது.

அப்போது சித்தப்பா உள்ளே புகுந்தார். காட்டுப்பள்ளி பக்கம் துறைமுகத்தில் கூலி வேலைக்குப் போய்வருகிறவர், அதனால் கப்பல் சம்பந்தமாக எங்கள் வீட்டில் அவர் சொல்தான் முடிவு. காயலான் கடையில் ஒரு டின் பச்சை பெயிண்ட் வாங்கி வந்தார். "கப்பலுக்கே அடிக்கிற பெயிண்டு. சமுத்திரமே உள்ள வர முடியாது, இந்தப் பூசணம் இன்னா ஜுஜுபி" என்று அடித்தார். நிலைக்கட்டையையும் சேர்த்து அடித்தார். பாத்ரூம் ஒரு வாரம் கப்பல் மாதிரி மின்னியது. பிறகு பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, ஒவ்வொரு கொப்புளத்தையும் முட்டிக்கொண்டு காளான் வெளியே வந்தது. முன்பு வெள்ளைத் தலையோடு வந்தவை இப்போது பச்சைத் தொப்பி போட்டுக்கொண்டு வந்தன. "இன்னா சித்தப்பா, கப்பல்ல பயிர் ஏறிச்சா?" என்று அண்ணன் கேட்டதிலிருந்து அவர் சில நாள் எங்கள் தெருப் பக்கம் வரவில்லை.

சிரிக்கிற விஷயமாக அது இருந்தது அதுவரைக்கும்தான். அண்ணிக்கு இழுப்பு வந்தது. குளித்துவிட்டு வந்தால் கதவோரம் உட்கார்ந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்குவாள். வயிற்றில் பிள்ளை வேறு. ஒரு வார்த்தை அந்த அறையைப் பற்றிக் குறை சொல்லவில்லை. வளைகாப்பு முடிந்து ஆரம்பாக்கம் போனாள், அங்கே பெண் குழந்தை பிறந்தது. நாங்கள் பார்த்துவிட்டு வந்தோம். குழந்தையை அழைத்துவர நாள் கேட்கப் போன அண்ணன் தனியாகத் திரும்பி வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தான்.

"அனுப்பமாட்டாங்களாம்மா. ஈரத்துல இருந்ததாலதான் இழுப்புன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்களாம். 'எம்பொண்ண கூட அனுப்பிடுவேன், பச்சக் கொழந்தைய அந்தக் குகைக்கு அனுப்ப மாட்டேன்'னு அத்த சொல்லுது."

"அவ இன்னா சொல்றா?" என்று அம்மா கேட்டாள்.

"அவ ஒண்ணும் சொல்லல. நைனா மனசு கஷ்டப்படும்னு மட்டும் சொன்னா."

நைனா எழுந்து வெளியே போய்விட்டார்.

மறுநாள் அம்மா ஒரு கூடையோடு அவர் முன்னால் வந்து நின்றாள். மழைக்குப் பயந்து, சரியாகக் காயாத கருவாட்டை அவசரத்தில் தார்ப்பாய் போட்டு மூடிவைத்த கூடை அது. மேலெல்லாம் சாம்பல் பூத்தது போல் பூசணம்.

"மோந்து பாருயா."

நைனா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "தூக்கிப் போடு. கெட்டுப்பூட்ச்சி."

"இப்ப இங்க வா" என்று பாத்ரூம் கதவைத் திறந்தாள். "இத மோந்து பாரு. ரெண்டுக்கும் இன்னா வித்தியாசம்? வெளியேர்ந்து எந்தத் தண்ணியும் வரல. உள்ள இருக்கற ஈரம் போவறதுக்கு நீ வழி வெக்கல. பொண்ண கருவாடு மாதிரி மூடி வெச்சிட்ட."

நைனா கூடையை வாங்கிக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "தொறந்துட்டா? சுவத்தாண்டயே அத்தினி ஆம்பளைங்க குந்திகினு இருப்பான். அந்தப் பொண்ணு எப்டி குளிக்கும்?"

"அது உன் பாடு" என்று சொல்லிவிட்டு அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மழை விட்டதும் நைனா உளியும் சுத்தியலுமாக இறங்கினார். படகில் அவர் அடைத்த ஓட்டை எதுவும் அதுவரை பெயர்ந்ததில்லை. அந்தத் திறமை அன்று அவருக்கே எதிரியாக நின்றது. பைபர் அசையமாட்டேன் என்றது. கடைசியில் வெண்டிலேட்டரைச் சுற்றியிருந்த செங்கல்லையும் சேர்த்து இடித்து, ஒரு பெரிய ஜன்னலாகவே வைத்துவிட்டார். உளுத்துப்போயிருந்த படகுக் கட்டையை அறுத்தெடுத்துவிட்டு சிமெண்ட் நிலை வைத்தார். அண்ணன் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, கப்பல் பெயிண்டைச் சுரண்டி, ப்ளீச்சிங் பவுடர் போட்டுக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தான். திருக்கை போனது, வால் போனது, எங்கள் போட்டும் போனது. நான் அழுதேன். யாரும் சமாதானம் செய்ய வரவில்லை. சுண்ணாம்பு அடித்த சுவரில் ஏரிக்காற்றும் வெயிலும் வந்து விழுந்ததும், அது வேறு யாரோ வீட்டு அறை மாதிரி இருந்தது.

அண்ணி வருவதற்கு முந்தைய நாள் நைனா பூவரசடிக்கு வந்தார். எப்போதும்போல மரத்தில் சாயாமல், நின்றபடியே சொன்னார்.

"இந்த மரத்துல கம்பளிப்பூச்சி ஏறிக்கீது. நான் இனிமே அந்தாண்ட மணல்லதான் குந்தப்போறேன்."

அந்தாண்ட மணலில் ஒரு முழ நிழல்கூடக் கிடையாது. வலையைத் தோளில் போட்டுக்கொண்டு, வெட்டவெளியில் போய் உட்கார்ந்து, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார். எல்லோரும் மரத்தை அண்ணாந்து பார்த்தார்கள்.

எனக்குப் பூச்சி என்றால் உயிர். காளான் போன துக்கத்தில் வேறு இருந்தேன். உடனே மரத்தில் ஏறிக் கிளை கிளையாக, இலையைத் திருப்பித் திருப்பித் தேடினேன். ஒன்று கூட இல்லை. மேலே இருந்தபடியே கத்தினேன்.

"நைனா! ஒரு பூச்சி கூட இல்ல நைனா! மொத்தமும் பாத்துட்டேன்!"

நைனா காதில் விழாதவர் போலத் தைத்துக்கொண்டிருந்தார். இளவட்டம் ஒருவன் "நைனாவுக்கு வெயில்ல கண்ணு பூத்துப்போச்சு" என்று சிரித்தான். பெரியப்பா சிரிக்கவில்லை. மரத்தைப் பார்க்கவும் இல்லை. புதிதாக வைத்திருந்த ஜன்னலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கால் விரலிலிருந்து வலையைக் கழற்றினார்.

"நீ சரியா பாக்கல கண்ணு. எனக்கு இங்கேர்ந்தே தெரியுது, மரம் பூரா பூச்சி." மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "இன்னாடா பாத்துகினு கீறீங்க? மேல வுழுந்தா தடிச்சிப்பூடும். ஏந்திரிங்க, ஏந்திரிங்க."

ஒருவர் பின்னால் ஒருவராக எல்லோரும் எழுந்து வெயிலுக்குப் போனார்கள். அத்தனை வருஷம் கடலிலும் ஏரியிலும் வெளிச்சத்தைப் பார்த்துப் பார்த்துப் பெரியப்பாவுக்குப் பார்வை கெட்டுவிட்டது என்று நான் முடிவு செய்தேன். கண்ணாடி வாங்கித் தரும்படி அம்மாவிடம் சொன்னேன். அம்மா வாயை முந்தானையால் மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

அண்ணி குழந்தையோடு வந்தாள். மறுநாள் குளிக்கப் போனாள். முதலில் தண்ணீர் மட்டும் விழுந்தது. அப்புறம் சத்தமாகவே விழுந்தது. அப்புறம், யாரும் கேட்காமல், பாட்டு வந்தது.

ஒருவேளை இன்றைக்காவது பூச்சி வந்திருக்குமோ என்று நான் மறுபடி மரத்தில் ஏறியிருந்தேன். மேலே இருந்து பார்த்தால் எல்லாம் தெரியும். வெயிலில் தலைக்குத் துண்டு போட்டுக்கொண்டு எல்லோரும் மணலில் உட்கார்ந்திருந்தார்கள், நைனாவும் பெரியப்பாவும் நடுவில். ஒருவர் மிச்சமில்லாமல் எங்கள் வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஏரியைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். பாட்டு பாதியில் நின்றது. பெரியப்பாவின் கையும் ஊசியோடு நின்றது. யாரும் திரும்பவில்லை, யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஏதோ படகு வரப்போகிறது போலிருக்கிறது என்று நானும் கிளையில் உட்கார்ந்தபடி ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் பார்த்தேன். படகு எதுவும் வரவில்லை.