கழற்றிய பிரேக் கேபிள்

வேலை பிரிக்ஃபீல்ட்ஸில், வீடு கிள்ளானில். காலையில் ஸ்கூட்டரை ரயில் நிலையத்தில் விட்டுவிட்டு கொமுட்டர் ரயில் ஏறுவேன்; மாலையில் அதே வழியில் திரும்புவேன். சனிக்கிழமைகளில் மட்டும் ஸ்கூட்டர் மனைவிக்கு. பாசாருக்குப் போய்க் காய்கறி, மீன் வாங்கி வருவாள்.

அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான்தான். எங்கள் ஸ்கூட்டரில் இடது பிரேக் பிடியை அழுத்தினால் இரண்டு சக்கரங்களுக்கும் சேர்ந்து பிரேக் விழும். வலது பிடி முன்சக்கரத்துக்கு மட்டும். "ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காத. இடது கை போதும்" என்றேன். அவளும் அப்படியே பழகினாள்.

நானோ கால் பிரேக் வைத்த பழைய மோட்டார் சைக்கிளை இருபது வருடங்களுக்கு மேல் ஓட்டியவன். மழையில் முன்பிரேக்கைத் தொட்டால் விழுவாய் என்று கூட ஓட்டியவர்கள் சொல்லிச் சொல்லி, அந்தப் பயம் விரல்களிலேயே தங்கிவிட்டது. போன மழைக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, நிலையத்துக்குப் போகும் வழியில், இடது பிடியை அழுத்தியதும் சாலையின் வெள்ளைக் கோட்டில் முன்சக்கரம் வழுக்கியது. விழவில்லை. ஆனாலும் அன்று மாலையே மோட்டார் கடைக்குப் போய், இடது பிடியிலிருந்து முன்சக்கரத்துக்குப் போகும் கேபிளைக் கழற்றச் சொன்னேன்.

"வேணாண்ணே. கம்பெனிக்காரன் சும்மாவா வச்சிருக்கான்? ரெண்டும் சேர்ந்து பிடிச்சாத்தான் சீக்கிரம் நிக்கும்" என்றார் கடைக்காரர்.

"நான் எத்தன வருஷமா ஓட்டுறேன், பாஸ்."

"மழைக்கு உங்க வருஷக் கணக்கெல்லாம் தெரியாது லா." சிரித்துக்கொண்டே கழற்றிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போல ஸ்கூட்டர் நாட்குறிப்பில் எழுதினேன்: இடது பிடி, முன் இணைப்பு நீக்கம். ஓடியிருந்த கிலோமீட்டரையும் குறித்தேன். பிறகு சாப்பிட்டேன், படுத்தேன். மனைவியிடம் சொல்லவில்லை.

மறுநாள் பாசார் முனையில் அவளுக்கு முன்னால் போன லோரி சட்டென்று நின்றது. ஸ்கூட்டர் நிற்காமல் இழுத்துக்கொண்டு போய் லோரியின் பின்பக்கத்தில் மோதியது. வலது மணிக்கட்டு முறிந்தது.

"இடது பிடிய முழுசா அழுத்துனேங்க. எப்பவும் நிக்குமே. நான் என்ன தப்புப் பண்ணேன்?" மருத்துவமனையில் திரும்பத் திரும்ப இதையே கேட்டாள். மூன்றாவது முறை கேட்டபோது, கேபிளைக் கழற்றியதைச் சொன்னேன்.

"உன்கிட்ட சொல்ல மறந்துட்டேம்மா."

"எழுதி வச்சீங்களா?"

"ம்."

"அப்ப மறக்கல. புத்தகத்துக்குச் சொல்லிட்டீங்க, எனக்குச் சொல்லல." முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

திங்கட்கிழமை கடைக்குப் போய்க் கேபிளை மறுபடி மாட்டச் சொன்னேன். கடைக்காரர் மாட்டி, பிடியை இரண்டு முறை அழுத்திப் பார்த்துக் கொடுத்தார்.

கட்டுப் பிரித்த பிறகும் அவள் ஸ்கூட்டரைத் தொடவில்லை. பாசாருக்கு நடந்தே போய், பையை இடது கையில் தூக்கி வந்தாள். போன வாரம், நான் வேலை முடிந்து நனைந்து வந்து இறங்கியபோது, மாடியிலிருந்து கீழே வந்தாள்.

"நடு ஸ்டாண்டு போடுங்க. பின்னால உட்காருங்க."

உட்கார்ந்தேன். என் பாரத்தில் முன்சக்கரம் தரையைவிட்டு எழும்பியது. குனிந்து, சரியாக மடங்காத வலது கையால் சக்கரத்தைச் சுற்றிவிட்டாள். இடது கையால் பிடியை அழுத்தினாள். சக்கரம் நின்றது.

"மாட்டியாச்சுன்னு அன்னைக்கே சொன்னேனே" என்றேன். பின்னால் சாய்ந்தே இருந்ததில் முதுகு வலித்தது.

"சொன்னீங்க. அசையாம இருங்க." மறுபடி சுற்றிவிட்டாள்.