அடுத்த வரி

எங்கள் அடுக்ககத்தில் நேற்று மாடிப்படிக்குச் சிமெண்டு பூசினார்கள். பையா, ஜல்தி முடியுங்கள் என்று வேலைக்காரர்களை இந்தி கலந்து அதட்டிவிட்டு உள்ளே வந்தவள், அந்த ஈர வாசனை மூக்கில் ஏற, பாட ஆரம்பித்துவிட்டேன். மருமகள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். இதற்கு விளக்கம் சொல்ல வேண்டாமா?

நான் நர்ஸாக டெல்லிக்கு வந்த புதிதில், இந்தி ஆராதனை முடிந்த பிறகுதான் எங்கள் தமிழ்ச் சபைக்கு ஆலயம் கிடைக்கும். கட்டட வேலைக்காரர்கள் ஞாயிறும் அரை நாள் உழைத்துவிட்டு நேராக வந்து பின்வரிசையில் உட்காருவார்கள். கூடவே சிமெண்டு வாசனையும் வரும். விழுப்புரத்துக் கொத்தனார் ஞானமுத்து அண்ணனின் கனத்த குரல் அங்கிருந்துதான் கிளம்பும்.

பாட்டு நடத்தியவர் எங்கள் வார்டு லில்லி அக்கா. ஒவ்வொரு வரியையும் முதலில் வேகமாகச் சொல்லுவார். பிறகுதான் சபையோடு சேர்ந்து பாடுவார். கையில் புத்தகம் இருக்கும்போது இது என்ன அலட்டல் என்று எனக்கு எரிச்சல். ஒரு ஞாயிறு அக்காவுக்கு டியூட்டி மாறியதால் பாட்டு என் கைக்கு வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. வரி சொல்லாமல், தொடக்கச் சுருதியையும் உச்சியில் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு பாடினேன். சபை பக்தியில் உருகி அமைதியாகிவிட்டது என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

வெளியே செருப்பு மாட்டும்போது ஞானமுத்து அண்ணன் வந்தார். முகத்தில் கோபமே இல்லை.

“இன்னிக்கு எங்களப் பாடவே வுடலியேம்மா.”

அவருக்கு எழுத்து தெரியாது. டெல்லியில் பிறந்த பிள்ளைகளுக்கும் தமிழ் எழுத்து ஓடாது. பாதிச் சபை லில்லி அக்கா சொல்லும் வரியைப் பிடித்துக்கொண்டுதான் பாடியிருக்கிறது. எனக்கு வெட்கமாகப் போயிற்று. அக்கா ஊருக்குப் போன பிறகு பல வருஷம் நானே வரி சொன்னேன்.

பிறகு ஆலயத்தில் பாட்டு வரிகளைக் காட்டும் திரை வந்தது. பிள்ளைகளுக்காக ஆங்கில எழுத்திலும் பாட்டு ஓடியது. நடுவில் வரி சொன்னால் தாளம் கெடுகிறது ஆன்ட்டி என்றான் கிட்டார் வாசிக்கும் தம்பி, மரியாதையாகத்தான். நானும் முழங்கால் வலியைச் சாக்குச் சொல்லிப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன்.

ஞானமுத்து அண்ணன் சில வாரம் வாய் திறக்காமல் திரையையே பார்த்து நின்றார். ஒரு நாள் வாசலில் என்னிடம், “எழுத்து நல்லா பெருசாத்தாம்மா போட்டிருக்காங்க” என்றார். அப்புறம் அவர் வரவேயில்லை.

அவர் பக்கத்தில் போய் நின்று, காதோடு அடுத்த வரியைச் சொல்லியிருக்கலாம். ஒரு பெஞ்சு தள்ளித்தான் உட்கார்ந்திருந்தேன்.