மாணிக்கவாசகம் கண்டம் செய்த டி.வி.

1973ஆம் ஆண்டு மார்ச் முப்பதாம் தேதி, நடுப்பகலில், கோபாலபுரத்தில் எங்கள் அலுவலக வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. அதிலிருந்து ஒரு தொலைக்காட்சிப் பெட்டியை இறக்கினார்கள். அன்றைக்குச் சென்னையில் தொலைக்காட்சி நிலையமே கிடையாது. டில்லியில் இருந்தது, பம்பாயில் இருந்தது. இங்கே எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் மறுநாளோடு நிதியாண்டு முடிகிறது, 'காட்சிக் கருவிகள்' என்ற தலைப்பில் ஒதுக்கிய தொகை செலவாகாமல் கிடக்கிறது. செலவழிக்காத அலுவலகத்துக்கு அடுத்த வருஷம் குறைத்துக் கொடுப்பார்கள் என்ற பயம் எங்கள் அதிகாரிக்கு.

காட்சிவழி மக்கள் கல்வி அலுவலகம் என்பது அதன் பெயர். கிராமங்களுக்கு வேனில் போய்ச் சுவரில் திரை கட்டி, கிணற்றுக்கு மருந்து போடுவது எப்படி என்று படம் காட்டுவது வேலை. நான் அங்கே தட்டச்சர். ஆங்கிலத்திலும் தமிழிலும் அடிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால், இனி சொல்லப்போகும் கடிதங்கள் எல்லாம் என் கையால் அடித்தவை.

பெட்டியைப் பெற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்டவர் பண்டகக் காப்பாளர் மாணிக்கவாசகம். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். இருபத்திரண்டு வயதில் சர்க்கார் வேலைக்கு வந்தவர். ஒரு பென்சிலை எடுத்துக் கொடுத்தால்கூடப் பழைய பென்சிலின் அடிக்கட்டையைக் கேட்டு வாங்கி டப்பாவில் போட்டு வைப்பார். அந்த டப்பாவுக்கும் பதிவேட்டில் ஒரு வரி உண்டு.

"ஐயா, இதுல என்ன தெரியும்?" என்று அதிகாரியைக் கேட்டார்.

"இப்ப ஒண்ணும் தெரியாது."

"பொறவு?"

"தெரியும்போது தெரியும். கையெழுத்தைப் போடுங்க, வேன்காரன் நிக்கிறான்."

போட்டார். பெட்டி வரவேற்பறையில் ஒரு மேஜைமேல் உட்கார்ந்தது.

எழுபத்தைந்து ஆகஸ்டில் சென்னையில் ஒளிபரப்பு தொடங்கியது. அதிகாரி தலைமையில் ஊழியர்கள் எல்லோரும் வரவேற்பறையில் கூடினோம். ஆன்டெனா வாங்கவில்லை. அது 'கம்பி, குழாய் வகைகள்' என்ற வேறு தலைப்பில் வருகிறது, அந்தத் தலைப்பில் பணம் இல்லை. இருந்தாலும் என்னதான் ஆகிறது பார்க்கலாம் என்று ஸ்விட்சைப் போட்டார்கள். உள்ளே ஏதோ பொரிவது போலச் சத்தம் கேட்டது. பின்பக்கத்துத் துளைகளிலிருந்து முதலில் புகை வந்தது, பிறகு ஓர் எலி வந்தது. அதோடு பெட்டியின் கதை முடிந்தது. அது மேஜைமேலேயே இருந்தது. நகர்த்துவதற்கு உத்தரவு வேண்டும்.

மாணிக்கவாசகத்துக்கு 1977 ஜூன் முப்பதோடு ஐம்பத்தைந்து வயது முடிகிறது. நங்கநல்லூரில் இரண்டறை வீடு கட்டியிருந்தார். இனி காலையில் பழவந்தாங்கலில் ரயில் பிடிக்க ஓட வேண்டாம், முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு இருக்கலாம் என்பது திட்டம். அதற்கு ஓய்வூதியம் வர வேண்டும். ஓய்வூதியம் வர, 'இவர் பொறுப்பில் எதுவும் பாக்கி இல்லை' என்று ஒரு சான்றிதழ் வேண்டும். வேறொரு பிரிவில் காப்பாளராக இருந்தவர் இரண்டு பெட்ரோமாக்ஸ் விளக்குக்குக் கணக்குச் சொல்ல முடியாமல் ஆறு வருஷம் ஓய்வூதியம் இல்லாமல் அலைந்ததை மாணிக்கவாசகம் அறிவார். அந்த மனிதர் கடைசியில் எங்கள் அலுவலகத்துக்கே வந்து டீ வாங்கிக் குடித்துவிட்டுப் போவார்.

பொறுப்பை ஏற்க வந்தவர் பெயர் கிருஷ்ணசாமி. எல்லோருக்கும் கிச்சா. மயிலாப்பூர் மாடவீதிக்காரர், முப்பத்தேழு வயது. எல்லாவற்றையும் எண்ணி எண்ணி டிக் போட்டுக்கொண்டே வந்தவர் வரவேற்பறையில் பேனாவை மூடிவிட்டார்.

"ஸார், தப்பா நெனச்சுக்காதேங்கோ. இதை நான் எடுத்துக்க மாட்டேன்."

"ஏன் தம்பி, பெட்டி முழுசாத்தானே இருக்கு?"

"முழுசா இருக்கு. உசுரு இல்லையே. ரிஜிஸ்டர்ல 'நல்ல நிலையில்'னு போட்டிருக்கேள். உங்களுக்கு இன்னும் ஒரு மாசம். எனக்குப் பதினெட்டு வருஷம். அத்தனை வருஷமும் இது நல்ல நிலையில இருக்குன்னு நான் சொல்லிண்டிருக்கணுமா?"

"இதுவரைக்கும் நான் சொல்லலையா?"

"சொன்னேள். அதான் மாட்டிண்டிருக்கேள்."

வழி ஒன்றுதான். பெட்டியைக் 'கண்டம்' செய்வது. அலுவலகப் பேச்சில், ஒரு பொருள் இனி உதவாது என்று எழுதிக் கழித்துவிடுவதற்கு அந்தப் பெயர். நாற்காலியைக் கண்டம் செய்யத் தச்சர் சொன்னால் போதும். டி.வி.க்கு யார் சொல்வது? மின்சாரப் பிரிவுப் பொறியாளர், 'இது ரேடியோ வகை' என்று எழுதித் திருப்பிவிட்டார். ரேடியோ பிரிவில், 'படம் சம்பந்தப்பட்டது' என்று எழுதினார்கள். கடைசியில் பாண்டி பஜாரில் டி.வி. ரிப்பேர் செய்யும் வலியுல்லாவை அழைத்து வந்தார் மாணிக்கவாசகம். அவர் பின்மூடியைக் கழற்றிப் பார்த்தார்.

"சார், டிரான்ஸ்பார்மர் கருகிடுச்சு. வயரெல்லாம் எலி தின்னுடுச்சு. பிக்சர் டியூப் காலி. இந்த மாடல் இப்ப வர்றதில்ல."

"பிழைக்காதா?"

"மவுத்தாயி ரெண்டு வருஷம் ஆச்சு சார். எங்க வேணா கையெழுத்துப் போடுறேன்."

அதை வைத்துப் படிவம் போயிற்று. பத்து நாளில் தணிக்கைப் பிரிவிலிருந்து திரும்பி வந்தது, இந்தக் குறிப்போடு:

'மேற்படிப் பொருள் ஒரு முறையேனும் பயன்படுத்தப்பட்டதாகத் தெரியவில்லை. பயன்படுத்தாத பொருள் தேய்ந்திருக்க வாய்ப்பில்லை. தேயாத பொருள் புதுப் பொருளாகவே கருதப்படும். புதுப் பொருளைக் கண்டம் செய்ய விதிகளில் இடமில்லை. பழுது காப்பாளரின் கவனக்குறைவால் நேர்ந்ததா என்பதை விளக்குக.'

அதிகாரிக்கு இது ஒரு விஷயமாகவே படவில்லை. "ஒரு நோட்டுப் போடுங்க. தினம் அரை மணி பொதுமக்களுக்குக் காட்டினதா தேதி வாரியா எழுதுங்க. நான் ஒப்பம் வைக்கிறேன்."

"நெலையமே இல்லாத காலத்துலயா ஐயா?"

"அது அவங்களுக்குத் தெரியவா போகுது?"

"எனக்குத் தெரியும்லா."

முப்பத்து மூன்று வருஷத்தில் பொய்யாக ஒரு வரி எழுதியதில்லை. கடைசி மாதத்தில் ஆரம்பிக்க அவருக்கு மனம் வரவில்லை. இரண்டு நாள் வரவேற்பறையில் நின்று பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் என்னை உட்காரவைத்து, உள்ளதை உள்ளபடி சொல்லி அடிக்கச் சொன்னார். 1973 ஏப்ரல் முதல் மேற்படிப் பெட்டியின் முகப்புக் கண்ணாடியைப் பார்த்து ஊழியர்கள் நாள்தோறும், சராசரியாக ஒன்பது பேர், தலை வாரி வருகிறார்கள். அதன் மேற்பரப்பில் வருகைப் பதிவேடு வைக்கப்பட்டு வருகிறது. ஆயுத பூஜையன்று நான்கு ஆண்டுகள் சந்தனமும் குங்குமமும் இடப்பட்டன. அதிகாரியைக் காண வரும் பொதுமக்கள் அதன் எதிரே பெஞ்சில் அமர்ந்து, அழைக்கப்படும்வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பது வழக்கம். சிலர் முழுநாளும் பார்த்ததுண்டு.

இதை அனுப்பினால் அவரோடு என் வேலையும் போகும் என்று நினைத்து, கார்பன் பிரதி ஒன்றை வீட்டுக்கு எடுத்துப் போய் ஒளித்து வைத்தேன். ஆறாம் நாள் பதில் வந்தது:

'பொருள் நான்காண்டுகள் தொடர்ந்து பொதுமக்களின் பார்வைக்குப் பயன்பட்டது தெளிவாகிறது. விளக்கம் ஏற்கப்படுகிறது.'

கூடவே உத்தரவு. முப்பத்தொரு கிலோ எடையுள்ள மேற்படிப் பெட்டியை முழுமையாகப் பழைய பொருள் வியாபாரியிடம் ஒப்படைத்து, எடை குறித்த ரசீதை ஜூன் முப்பது மாலைக்குள் சேர்க்க வேண்டும். அன்று மாலைக்குள் என்றால், அதற்குப் பிறகு மாணிக்கவாசகம் அலுவலகத்தில் இல்லை, கையெழுத்துப் போடும் அதிகாரமும் அவருக்கு இல்லை.

ராயப்பேட்டையில் காயலான் கடை வைத்திருந்த நூர் முஹம்மது இருபத்தொன்பதாம் தேதி மூன்று சக்கர வண்டியோடு வந்தார். பெட்டியைச் சுற்றி வந்து, தட்டிப் பார்த்து, மூடியைத் திறந்தார்.

"இன்னா சாமி இது, உள்ள குடுவை கீது?"

"அதான் பிக்சர் டியூப்."

"மரத்த எடுத்துக்கறேன். செம்பு, அலுமினியம் எடுத்துக்கறேன். குடுவைய நான் தொட மாட்டேன்."

"ஏன்?"

"வெடிக்கும் சாமி. போன மாசம் ஒருத்தன் சுத்தியால ஒரு தட்டு தட்னான். கண்ணாடி மூஞ்சில ஏறி இப்ப கண்ணாஸ்பத்திரில படுத்துக்கினு கீறான். எனுக்கு நாலு பொண்ணு."

"எனக்கு உத்தரவுல 'முழுமையாக'ன்னு போட்டிருக்கு பாய்."

"அப்போ உத்தரவு போட்டவர வந்து தூக்கச் சொல்லு நைனா."

கிச்சா குரலைத் தாழ்த்தினார். "ஸார், ஒரு ரிக்‌ஷா புடிச்சு அடையாத்துப் பாலத்துக்குப் போனா, ரெண்டே நிமிஷம். மேலேர்ந்து போட்டா டுபுக்குனு போயிடும்."

"அது பொதுப்பணித் துறை ஆறு தம்பி. அவங்க அனுமதி இல்லாம நம்ம பொருளை அதுல போட முடியாது."

நான் இப்போது குடியிருக்கும் குளிர் ஊரில் பழைய பெட்டியைத் தெருவோரம் வைத்தால் காலையில் லாரி வந்து எடுத்துப் போகிறது. யாரும் ஒன்றும் கேட்பதில்லை. இருந்தாலும் லாரி திரும்பும்வரை ஜன்னலோரம் நிற்கிறேன், யாராவது ரசீது கேட்டு வருவார்களோ என்று.

அன்று மாலை மாணிக்கவாசகம் மறுபடி பாண்டி பஜாருக்குப் போனார். வலியுல்லா டியூபின் பின்கழுத்தை ஒரு காகிதத்தில் வரைந்து காட்டினார். முனையில் ஒரு மூடி. அதற்குள் பென்சில் முனை அளவு கண்ணாடி மூக்கு. ஈரச் சாக்கால் முழுக்கச் சுற்றிக்கொண்டு அந்த மூக்கை மட்டும் இடுக்கியால் கிள்ளினால் காற்று உள்ளே போய்விடும். பிறகு உடைக்கலாம், வெடிக்காது. ஆனால் உள்ளே பூசிய பொடி மேலே படக் கூடாது, அதனால் சாக்கைப் பிரிக்கவே கூடாது.

"நீங்களே வந்து கிள்ளிடுங்களேன் தம்பி."

"நான் ரிப்பேர் பண்றவன் சார். அறுக்கிறதுக்கு வேற ஆளைப் பாருங்க."

ஆக, ஜூன் முப்பது காலை பத்து மணிக்கு, அலுவலகப் பின்முற்றத்தில், தன் பணியின் கடைசி நாளில், மாணிக்கவாசகம் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, இடது கையில் சாக்கைப் பிடித்துக்கொண்டு, வலது கையில் இடுக்கியோடு குந்தினார். ஊழியர்கள் வேப்ப மரத்துக்குப் பின்னால். நூர் முஹம்மது தெருவில். அதிகாரி மாடியில், ஜன்னலைச் சாத்திக்கொண்டு கண்ணாடி வழியாக.

"தள்ளி நில்லுங்கவே," என்றார். ஏற்கெனவே பக்கத்தில் யாரும் இல்லை.

கிள்ளினார். ஸ்ஸ் என்று ஒரு சத்தம், அரை நிமிஷத்துக்கு. நான்கு வருஷத்தில் அந்தப் பெட்டி ஒழுங்காக ஒலிபரப்பிய ஒரே நிகழ்ச்சி அதுதான். வேறொன்றும் நடக்கவில்லை. மரத்துக்குப் பின்னால் இருந்தவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். நூர் முஹம்மது தைரியமாக உள்ளே வந்து, சாக்கோடு சேர்த்துச் சுத்தியால் நாலு போடு போட்டு டியூபை நொறுக்கினார். எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றுமுன் வேப்பங்கிளையில் தராசைக் கட்டி எடை பார்த்தார்கள். கிச்சா குறித்துக்கொண்டே வந்து கூட்டிப் பார்த்தார்.

"முப்பத்து மூணு. ரெண்டு கிலோ ஜாஸ்தி ஸார்."

"சாக்கோட கனமா இருக்கும்."

"சாக்கைக் கழிச்சாச்சு. எதிர்த் தட்டுல இன்னொரு சாக்கு போட்டோமே."

"தண்ணி சாமி," என்றார் நூர் முஹம்மது. "நனைச்ச சாக்கு இல்ல? தண்ணி ரெண்டு கிலோ."

மாணிக்கவாசகம் நிம்மதியாகச் சிரித்தார். "கூடத்தானே தம்பி? சர்க்காருக்கு நட்டம் இல்லையே."

"ஸார், கொறைஞ்சா திருடிட்டான்பா. ஜாஸ்தியானா, இது வேற எங்கேயோ திருடினதும்பா. இந்த ரெண்டு கிலோ சர்க்கார் சொத்து எந்த ரிஜிஸ்டர்லேர்ந்து வந்ததுன்னு என்னைத்தான் கேப்பா."

"'நீர் நீங்கலாக'ன்னு எழுதிருவோம்."

"நீர் எவ்வளவுன்னு யார் சர்டிபை பண்ணுவா? கார்ப்பரேஷனா?"

மாணிக்கவாசகம் தன்னுடைய இடத்துக்குச் சரியான ஆள்தான் வந்திருக்கிறான் என்பது போலக் கிச்சாவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சாக்கைப் பிரிக்காமல் இழுத்துப் போய் வெயிலில் போட்டு, உள்ளேயிருந்து ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மர நிழல் நகர நகர, சாக்கையும் ஸ்டூலையும் நகர்த்தினார். ஒரு காக்கை வந்து சாக்கின் மேல் உட்கார்ந்தது. விரட்டினார். மதியச் சாப்பாட்டை அங்கேயே சாப்பிட்டார். மூன்று மணிக்கு மேற்கே மேகம் திரண்டபோது எழுந்து நின்றுவிட்டார். நூர் முஹம்மது அண்ணாந்து பார்த்து, "கவலப்படாத சாமி, அது செங்கல்பட்டுக்குப் போய்க்கினு கீது," என்றார்.

நான்கு மணிக்கு மாடியில் பிரிவுபசாரக் கூட்டம் தொடங்கியது. நான் இறங்கி வந்து அழைத்தேன்.

"நீங்க ஆரம்பிங்க. சாக்கைப் போட்டுட்டு எப்படி வர?"

ஜன்னல் வழியாக அதிகாரியின் பேச்சு முற்றத்துக்குக் கேட்டது. முப்பத்து மூன்று ஆண்டுகளில் அவர் பொறுப்பில் ஒரு குண்டூசி குறைந்ததில்லை என்றார். இப்படிப்பட்டவர்களை இனி எங்கே பார்ப்பது என்று கேட்டார். கைதட்டினார்கள். கீழே மாணிக்கவாசகம் சாக்கைத் தொட்டுப் பார்த்து, மறுபுறம் புரட்டிப் போட்டார்.

ஐந்தரைக்கு எடை பார்த்தபோது முள் ஒரு நூல் சாய்ந்திருந்தது.

"விரல் வெக்கட்டுமா சாமி?"

"வேண்டாம் பாய். இருப்போம்."

இருந்தார்கள். கால்மணி கழித்து முள் நேராக நின்றது. கிச்சா குனிந்து ஒருமுறை, நிமிர்ந்து ஒருமுறை பார்த்தார். முப்பத்தொன்று. நூர் முஹம்மது ரசீதில் கைநாட்டு வைத்தார். கிச்சா 'பாக்கி இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, ஊதி மை காயவைத்துக் கொடுத்தார். மாணிக்கவாசகம் அதை நான்காக மடித்து உள்பையில் வைத்துக்கொண்டார்.

மாலையும் ஆறிப்போன டீயும் மாடியிலிருந்து கீழே வந்தன. பஜ்ஜி தீர்ந்துவிட்டிருந்தது. மாலையைப் போட்டுக்கொண்டு, டீயை வாங்கி, மறுபடி ஸ்டூலில் உட்காரப் போனார்.

"ஸார்," என்றார் கிச்சா, கையில் பதிவேட்டோடு, கொஞ்சம் சங்கடமாக. "ஸ்டூல் ஒண்ணு பாக்கி."

மாணிக்கவாசகம் ஸ்டூலைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, நின்றபடியே டீயைக் குடித்தார்.