கூட வந்து உட்காருகிறவர்கள்

ஸ்டெல்லா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது என் காதில் ஸ்டெல்லாதான் பேசிக்கொண்டிருந்தார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அவர் குரலில் பதிவான பாடம் ஒன்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் அவர் கணவரிடமிருந்து போன். "காலையில எழுப்பினேன் சார், எழுந்திருக்கல" என்றார். அவர் போனை வைத்ததும், நின்ற இடத்திலிருந்து பாடம் தானாகத் தொடர்ந்தது. "பதில் சொல்லுங்க. அவசரமில்ல, நான் காத்திருக்கேன்" என்றது ஸ்டெல்லாவின் குரல். அதன்பிறகு, கேட்பவர் பதில் சொல்வதற்காக நாங்கள் விட்டிருந்த மௌனம். ஹெட்போனைக் கழற்ற எனக்குக் கை வரவில்லை.

அவருடன் பழகிய உங்களுக்கு இதெல்லாம் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மனநல ஆலோசகர்கள், தாங்கள் பார்க்கும் ஆட்களைப் பற்றி அனுபவமுள்ள இன்னொரு ஆலோசகரிடம் வந்து பேசுவார்கள். அதற்கு சூப்பர்விஷன் என்று பெயர். அப்படிக் கேட்கிற நாற்காலியில் புதிதாக உட்காருகிறவர்களுக்குத் தமிழில் ஒன்றுமே இல்லையே என்று, மயிலாப்பூரில் லஸ் பக்கம் இருந்த எங்கள் மாடி அறையில் இருவருமாகப் பாடங்களைப் பதிவுசெய்யத் தொடங்கினோம். நான் விளக்கங்களும் வரையறைகளுமாகத் தடிமனாக ஒரு கட்டு எழுதிக்கொண்டு போனேன். ஸ்டெல்லா அதை நன்றியோடு வாங்கி, மைக்குக்கு உயரம் பற்றவில்லை என்று அடியில் வைத்தார்.

"இன்னா சார், மூஞ்சி இப்படிப் போவுது" என்று சிரித்தார். சாந்தோமில் பிறந்து வளர்ந்து ஆங்கிலப் பள்ளியில் பாடம் நடத்தியவர், என்னைச் சீண்ட மட்டும் இந்தப் பாஷைக்கு வந்துவிடுவார். "ஆலோசகர் சொல்ற கதைய விடுங்க. கதை சொல்லும்போது அவருக்கு இன்னா ஆவுதுன்னு பாருங்க. அத வுட்டா வேற பாடம் இல்ல."

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. இந்த வயதில் புதிதாக வரவழைத்துக்கொள்ளும் உத்தேசமும் இல்லை. ஆனால் அந்த பஜ்ஜி விஷயத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று இன்றும் தெரியவில்லை. ஒரு பாடத்துக்காக, அடையாறில் வசிக்கிற, மனைவியை இழந்தபின் சாப்பாட்டையே விட்டுவிட்ட ஒரு மனிதரை நாங்களாகவே கற்பனை செய்தோம். அவரைப் பார்க்கும் ஆலோசகராக ஸ்டெல்லா பேச, நான் கேள்வி கேட்டேன். சத்தம் கேட்கும் என்று மின்விசிறியை நிறுத்தியிருந்தோம். பேசி முடித்துப் பார்த்தால், பசிக்கிறது என்று ஆசையாக வாங்கிவந்த பஜ்ஜி எண்ணெய் உறைந்து அப்படியே கிடந்தது. இரண்டு பேருக்கும் பசி சுத்தமாக இல்லை. மறுநாள்வரை எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. உலகத்திலேயே இல்லாத ஒரு ஆளுக்காக.

"யாரோ வந்து உக்காந்துட்டுப் போயிருக்காங்க சார்" என்றார் ஸ்டெல்லா, சாதாரணமாக. "பேசறவங்க கூட அவங்க பாக்கற ஆளும் வரும். பயப்படாதீங்க. யாருன்னு மட்டும் கேளுங்க."

அடக்கம் முடிந்த மறுவாரம், அவரிடம் சூப்பர்விஷனுக்கு வந்துகொண்டிருந்த நஸ்ரீன் என்னிடம் வந்தாள். திருவல்லிக்கேணிப் பெண், படபடவென்று உரக்கப் பேசுகிறவள். புதிதாகக் கல்யாணமான ஒரு பெண்ணுக்குப் போனில் ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தாள். அடையாளம் எதையும் நான் சொல்லப்போவதில்லை.

"இப்பல்லாம் நல்லா இருக்கேன்னுதான் சொல்றா சார். சண்டை இல்லியாம், அடி இல்லியாம். முடிச்சுக்கலாம்னு பாக்கறேன். நீங்க சரின்னா அடுத்த தடவ அவகிட்ட சொல்லிடுவேன்."

சரி என்று சொல்லத்தான் போனேன். நான் சரி என்றால், அந்தப் பெண்ணுக்கு வெளியிலிருந்து வரும் ஒரே போனும் நின்றுவிடும். அப்போதுதான் கவனித்தேன், நஸ்ரீன் கிசுகிசுத்துக்கொண்டிருந்தாள். எப்போது குரல் இறங்கியது என்று தெரியவில்லை. அறையில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. கதவு சாத்தியிருந்தது. வெயில்கூட இன்னும் இறங்கவில்லை. ஏதோ கேட்க வாயைத் திறந்தேன்.

"யாரு கேட்டுடப் போறாங்கன்னு பயப்படறே, கண்ணு?" என்று வந்தது என் வாயிலிருந்து.

நஸ்ரீன் திரும்பிக் கதவைப் பார்த்தாள். "பின்னால நிக்கிறாங்க" என்றாள். உடனே கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்துவிட்டுச் சொன்னாள்: "இங்க இல்ல சார். அவ வீட்ல. அவ பேசும்போதெல்லாம் செருப்புச் சத்தம் வரும், கிட்ட வந்து நின்னுடும். யாரோ நடமாடறாங்கன்னு விட்டுட்டேன். நல்லா இருக்கேன்னு அவ எனக்குச் சொல்லல சார். பின்னால நிக்கிறவங்களுக்குச் சொல்லியிருக்கா."

நஸ்ரீன் ஆலோசனையை முடிக்கவில்லை. ஒரு சாக்குச் சொல்லி அந்தப் பெண்ணை நேரில் வரவழைத்தாள். வந்த பெண் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. அவள் கையில் இருந்த காயங்களை நஸ்ரீன் சொல்லச் சொல்ல என்னால் கேட்க முடியவில்லை. இப்போது பத்திரமாக இருக்கிறாள், எங்கே என்று கேட்காதீர்கள்.

ஆனால் அன்று அந்த அறையில், நஸ்ரீன் அந்தப் பெண்ணைப் பற்றிப் பேசி முடித்தபின் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஸ்டெல்லா அக்கா மட்டும்தான் சார் என்னை கண்ணுன்னு கூப்பிடுவாங்க" என்றாள்.

பெற்ற பெண்ணைக்கூட நான் அப்படிக் கூப்பிட்டதில்லை. எல்லோரையும் 'நீங்க' என்று சொல்லியே வளர்ந்த நாக்கு இது.

ஸ்டெல்லா ஏற்படுத்திய வழக்கம் ஒன்று உண்டு. பேச்சு முடிந்ததும் இருவரும் எழுந்து நின்று அவரவர் பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கூட வந்து உட்கார்ந்தவர்கள் அதோடு கிளம்பிவிடுவார்கள், நாம் நாமாக வீட்டுக்குப் போகலாம் என்பார். அன்றும் நஸ்ரீன் எழுந்து, "நான் நஸ்ரீன்" என்று உரக்கச் சொன்னாள். அவள் குரல் அவளுக்குத் திரும்பியிருந்தது. பிறகு என் முறைக்காகக் காத்திருந்தாள்.

நான் சொல்லவில்லை. அந்த அறையில் அதற்குப் பிறகு ஒருநாளும் சொல்லவில்லை. சொன்னால் ஸ்டெல்லாவும் கிளம்பிவிடுவார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தக் குரல் ஒன்றுதான். இதன் கீழேயும் என் பெயரைப் போடப்போவதில்லை.