மாமாவின் புருவத்துக்குப் பின்னால்

இரண்டு பெரிய வளையல்களைப் பக்கம் பக்கமாக ஒட்டி, வெள்ளைப் பிளாஸ்டிக்கால் மூடியதுபோல இருந்தது அந்தக் காந்தக் கருவி. பூந்தமல்லிப் பக்கத்து மருத்துவமனையில், மாமா உட்கார வேண்டிய நாற்காலியின் தலைமாட்டில் அது நின்றது. அக்கா அதையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன், என் மாமா, சரியாகச் சாப்பிட்டு, பேசி ஒரு வருடம் ஆகியிருந்தது. மாத்திரைகளை மாற்றி மாற்றிக் கொடுத்தும், "நான் எதுக்கு உசுரோட கீறேன்?" என்பதுதான் பெரும்பாலும் அவர் வாயிலிருந்து வரும். இனி இந்தக் காந்தத்தைத் தலையில் வைத்து மூளையைத் தூண்டித்தான் பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

மூளை கருகிப்போய்விடாதா என்று அக்கா கேட்டாள்.

"அதெல்லாம் ஆகாதும்மா. டக்டக்னு தட்டுற மாதிரி இருக்கும். எப்பவாவது யாருக்காவது வலிப்பு வரும், அதுக்குத்தான் நாங்க பக்கத்துலயே இருப்போம்" என்ற டாக்டரம்மா, மாமாவிடம் திரும்பினார். "தலையில, கண்ணுல எங்கயாவது இரும்பு போயிருக்கா?"

"ஒண்ணும் இல்ல மேடம்."

அந்தப் பதில் எனக்குப் பழகியது. அம்பத்தூர் எஸ்டேட்டில் நாங்கள் இருவரும் ஒரே பட்டறையில் வேலை செய்தவர்கள். கண்ணில் இரும்புத்தூள் விழுந்தால் பழைய ஸ்பீக்கர் காந்தத்தை இமையருகே காட்டி எடுப்போம். சூப்பர்வைசர் வந்து கேட்டால் எல்லோரும் சொல்வது இதுதான்: ஒண்ணும் இல்ல சார். அடிபட்டவனை மிஷின் வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்ற பயம். ஒருநாள் உளியைச் சுத்தியால் அடித்தபோது சில்லு ஒன்று தெறித்து மாமாவின் புருவத்துக்குக் கீழே பாய்ந்தது. காந்தத்தில் ஒன்றும் ஒட்டவில்லை. சில்லு தரையில் விழுந்திருக்கும் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். "இன்னா மச்சான், கொசு கட்ச்சதுக்கு ஊரையே கூட்டுற" என்று சிரித்துவிட்டு மாமா மறுபடி சுத்தியை எடுத்தார். சூப்பர்வைசர் வந்து கேட்டபோது நானும் ஒண்ணும் இல்ல சார் என்றேன்.

நான் நாலு பேர் முன்னால் வாய் திறக்கிற ஆள் இல்லை. ஐந்தாவதோடு படிப்பு நின்றது. டாக்டர்களைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் மருத்துவமனையில் அன்றைக்கு டாக்டரம்மாவிடம் அந்தச் சில்லைப் பற்றிச் சொன்னேன். சொல்லும்போதே அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள், நகம் பதிந்தது.

ஸ்கேனில், இடது கண்குழிக்குள் ஆழத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. கருவி வேலை செய்யும்போது அது நகரலாம், சூடேறலாம். வெட்டி எடுக்கப் போனால் பார்வையே போகலாம் என்றார்கள். கருவியைச் சுவர் ஓரமாகத் தள்ளிவிட்டார்கள்.

ஆட்டோ ஆவடிக்கு வந்தபோது மாமா என் பக்கம் திரும்பினார். "நல்லாத்தான் சொன்ன மச்சான். இந்த வாய அன்னிக்கு சூப்பர்வைசர் வந்தப்போ தொறந்திருக்கலாம்ல" என்றார்.

இப்போது வேறு மாத்திரைகள். பட்டாபிராம் வீட்டில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தே கிடக்கிறார். போன வாரம் பார்க்கப் போனபோது அக்கா என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"இரும்பு இருந்தா இருந்துட்டுப் போவுது. ஒரு தபா வெச்சுப் பாத்திருக்கலாம்டா. இப்ப மட்டும் இன்னா, உசுரோடவா கீறாரு?"

மாமா படுத்திருந்த அறையின் கதவு திறந்துதான் இருந்தது. மாமாவுக்கும் கேட்டிருக்கும்.