அம்மா கடையில் நின்ற ஆடி அமாவாசை

அப்பா முதன்முதலாக வீட்டுக்குக் கொண்டு வந்த சோடாப் பாட்டிலை ஈரச் சாக்கில் சுற்றி, கைக்குழந்தையைத் தூக்கி வருவதுபோல மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். பச்சைக் கண்ணாடி. கழுத்தில் அடைபட்டிருந்த கோலிக்குண்டைக் கட்டைவிரலால் அழுத்தியதும் பூனை சீறுவதுபோல ஒரு சத்தம் வந்தது. அம்மா ஓரடி பின்னால் போய்விட்டாள். பிறகு டம்ளரில் ஊற்றியதை ஒரு வாய் குடித்துப் பார்த்து, "ருசி ஒண்ணும் தெரியல, மூக்குல ஏறுது" என்றாள். மீதியை அண்ணனும் நானும் சண்டை போட்டுப் பங்கு வைத்துக்கொண்டோம். அப்பா எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். பரீட்சை எழுதிவிட்டு வாத்தியார் முன்னால் நிற்கிற பையனைப்போல இருந்தார் என்று இப்போது தோன்றுகிறது.

அதற்கு முன் அப்பா செங்கோட்டையில் ஒரு மரக்கடையில் கணக்கப்பிள்ளையாக இருந்தார். தென்காசியிலிருந்து காலை ரயிலில் போய், வெயில் சாய்வதற்குள் திரும்பிவிடுவார். வந்ததும் கால் கழுவிவிட்டுத் தரையில் கரியால் கட்டம் போடுவார். ஆடுபுலி ஆட்டத்தில் அண்ணனுக்கு எப்போதும் புலிதான் வேண்டும். ஆடுகளை நானும் அப்பாவும் சேர்ந்து நகர்த்துவோம். மரக்கடை முதலாளி இறந்து, அவருடைய மக்கள் கடையை விற்றுவிட்டுக் கொல்லத்துக்குப் போனபோது அந்தச் சாயங்காலங்கள் முடிந்துபோயின. வேறு கடைகளில் கூப்பிட்டார்கள். இனி இன்னொருத்தர் கடையில் போய் உட்காரப்போவதில்லை என்று அப்பா சொல்லிவிட்டார். அந்த வருஷத்துச் சாரல் காலம் முழுவதும் குற்றாலத்தில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தார். அருவியில் குளித்தவர்கள் பசி தாங்காமல் கண்டதையும் தின்பதையும், தின்றபின் வயிற்றைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பதையும் பார்த்தார். நடுங்குகிற குளிரில் சோடா யார் குடிப்பார்கள் என்று எல்லாரும் சிரித்தபோது, "இஞ்சி சேர்த்துக் குடுத்தா குடிப்பாங்க" என்றார். அடுத்த சாரலுக்குள் குற்றாலம் போகிற சாலையில் ஒரு ஓட்டுக் கொட்டகையைப் பிடித்து, திருநெல்வேலியிலிருந்து பழைய இயந்திரம் ஒன்றை வண்டியில் ஏற்றி வந்துவிட்டார். அருவிக்கரையில் விற்பதற்கு ஓலைத் தட்டி வைத்து ஒரு கடையும் போட்டார்.

அது கையால் சுற்றுகிற இயந்திரம். பாட்டிலை இரும்புக் கூண்டுக்குள் வைத்து மூடிச் சக்கரத்தைச் சுற்றினால் உள்ளே பாட்டில் தலைகீழாகப் புரளும். காற்று ஏறிக் கோலிக்குண்டு கழுத்தில் போய் அடைத்துக்கொள்ளும். சுற்றுவதற்கு அச்சன்புதூரிலிருந்து ஒருவர் வந்தார். அவர் போதவில்லை என்றால் அண்ணன் சுற்ற வேண்டும். அண்ணனுக்கு அப்போது பதினாறு வயது இருக்கும். பள்ளிக்கூடம் போவதற்கு முன்னாலும் வந்த பின்னாலும் அவன் கை அந்தச் சக்கரத்தில் இருந்தது. வகுப்பில் அவன் பெயரே 'சோடா' என்று ஆகிவிட்டது. நான் பெரியவளானதும் என் படிப்பை நிறுத்தியிருந்தார்கள். அதனால் வீட்டில் அம்மாவும் நானும் இஞ்சி தோல் சீவி, நசுக்கி, பிழிந்து சாறு எடுத்துக் கொடுத்தோம். கை எரியும். தலைமுடியில்கூட இஞ்சி வாடை அடிக்கும். எங்கள் இஞ்சியைத்தான் குற்றாலமே குடிக்கிறது என்று அப்பா சொல்வார். ஆனால் அம்மாவும் நானும் ஒரு தடவைகூட அதைக் கண்ணால் பார்த்ததில்லை.

அப்பா மோசமானவராக மாறிவிட்டார் என்று சொல்ல முடியாது. அவர் வீட்டில் இருந்துகொண்டே இல்லாமல் போனார். சாப்பிடும்போதும் எந்தப் பாட்டிலில் ரப்பர் வளையம் தேய்ந்திருக்கிறது, சோடாவுக்குக் காற்று அடைத்த இரும்பு உருளை எந்த ரயிலில் வரும் என்பதுதான் பேச்சு. அண்ணனுக்கு மீசை அரும்பியிருந்ததை அவர் கவனித்தாரா என்றே எனக்குச் சந்தேகம். அவனுடைய குரல் உடைந்ததும், அவன் பேச்சைக் குறைத்துக்கொண்டதும் அவர் காதில் விழவில்லை. அம்மா இரண்டு பேருக்கும் நடுவில் நின்று, இவர் சொன்னதை அவனுக்குச் சூடு தணித்தும் அவன் சொன்னதை இவருக்கு மெதுவாக்கியும் சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டில் அவளுக்கு அதுவே ஒரு தனி வேலையாகிவிட்டது.

அண்ணன் நன்றாகக் கால்பந்து ஆடுவான். ஆடி மாதத்தில் இலஞ்சிப் பையன்களோடு ஒரு ஆட்டம் வந்தது. அமாவாசைக்குச் சோடாப் பெட்டிகள் நிரப்ப வேண்டியிருந்ததால் போகக் கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார். அவன் போய்விட்டான். ஆட்டம் முடிந்து பையன்கள் கூட்டமாகச் சாலையில் திரும்பி வந்தபோது கொட்டகை வாசலில் நின்றிருந்த அப்பா, எல்லார் முன்னாலும் அவனை அறைந்துவிட்டார். அண்ணன் உள்ளே போய்ச் சக்கரத்தைச் சுற்றினான். கை வலிக்கிற அளவுக்கு வேகமாகச் சுற்றினான் என்று அச்சன்புதூர்க்காரர் பிறகு அம்மாவிடம் சொன்னார்.  அமாவாசைக்கு முந்தின நாள் காலையில் நாங்கள் எழுந்து பார்த்தபோது அவன் பாய் சுருட்டியபடி மூலையில் நின்றது. ஆளைக் காணவில்லை. கோயில் வாசல், சிற்றாற்றங்கரை, இலஞ்சி என்று எல்லா இடத்திலும் தேடியபின், ரயிலடியில் மூட்டை தூக்குகிற ஒருவர்தான் அவன் கொல்லம் வண்டியில் ஏறியதைப் பார்த்ததாகச் சொன்னார்.

அம்மா அன்றைக்குத்தான் முதன்முறையாகக் கொட்டகைக்குள் கால் வைத்தாள். நானும் கூடவே ஓடினேன். அடுக்கி வைத்த பெட்டிகளுக்கு நடுவில் அப்பா உட்கார்ந்திருந்தார். சாரல் காலத்தின் பெரிய நாள் ஆடி அமாவாசைதான். முன்னோருக்குத் தர்ப்பணம் செய்ய எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு அருவிக்கு வருவார்கள். அந்த ஒரு நாளை நம்பித்தான் அப்பா அத்தனை பாட்டிலும் நிரப்பி வைத்திருந்தார். அமாவாசை முடியட்டும், பையன் எங்கே போய்விடப் போகிறான், பசித்தால் தானே வருவான் என்று அச்சன்புதூர்க்காரர் ஆறுதலாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா பெட்டிகளைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், மறுபடியும் பெட்டிகளைப் பார்த்தார்.

அம்மா சொன்னாள்: "நீங்க போயி புள்ளையக் கூட்டிட்டு வாங்க. இதை நான் பாத்துக்கிடுதேன்."

"நீ கடையில நிப்பியா? ஊரு என்ன சொல்லும்?"

"ஊரு சொல்லுதத அவன் வந்த பொறவு கேட்டுக்கிடுதேன். வண்டிக்கு நேரமாவுது, எந்திரிங்க."

அப்பா எழுந்தார். சட்டையை மாற்றக்கூட வீட்டுக்கு வரவில்லை. அப்படியே ரயிலடிக்கு நடந்தார்.

மறுநாள் விடிந்ததும் பெட்டிகளோடு அம்மாவும் நானும் மாட்டு வண்டியில் குற்றாலத்துக்குப் போனோம். என்னைத் தனியாக வீட்டில் விட முடியாததால்தான் கூட்டிப் போனாள். கல்யாணத்துக்கு இருக்கிற பெண்ணைச் சந்தைக் கூட்டத்தில் நிறுத்துவது எப்படிப்பட்ட காரியம் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. மெல்லிய சாரல் விழுந்துகொண்டிருந்தது. ஆரியங்காவுக் கணவாய் வழியாக வந்த காற்றில் கடையின் ஓலைத் தட்டி படபடத்தது. முதலில் அம்மா சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டே நின்றாள். பாட்டிலை அச்சன்புதூர்க்காரர் உடைத்துக் கொடுக்க, அவள் கை மட்டும் பின்னால் நீண்டு டம்ளரை வாங்கிக் கழுவியது. அப்போது ஈரப் புடவையைப் பிழிந்தபடி ஒரு பெண் இரண்டு பிள்ளைகளோடு வந்து, ஆண்பிள்ளைகளைத் தாண்டி நேராக அம்மாவிடம், வயிறு மந்தமாக இருக்கிறது, இதைக் குடிக்கலாமா என்று கேட்டாள். அம்மா திரும்பினாள். அவள் என்ன சாப்பிட்டாள் என்று விசாரித்து, இஞ்சி கூடுதலாக விட்டு, கொஞ்சம் உப்பும் எலுமிச்சையும் சேர்த்துக் கொடுத்தாள். அந்தப் பெண் குடித்து முடித்து ஒரு ஏப்பம் விட்டுச் சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். அதன்பின் அவள் முதுகைக் காட்டவில்லை.

அந்தப் பெண் போய் இன்னும் நான்கு பேரை அனுப்பினாள். அருவியில் குளிக்க வருகிறவர்களில் பாதிப் பேர் பெண்கள். அவர்களில் ஒருத்திகூட அதுவரை எங்கள் கடைப் பக்கம் வந்ததில்லை. ஆண்கள் கும்பலாக நிற்கிற இடத்தில் எந்தப் பெண் போய்ப் பாட்டிலைத் தூக்கிக் குடிப்பாள்? அம்மா தட்டியை அவிழ்த்துக் குறுக்கே கட்டச் சொல்லிப் பெண்களுக்கு ஒரு மறைப்பு உண்டாக்கினாள். உட்கார இரண்டு பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டாள். உச்சிப் பொழுதில் எங்கள் பெரியப்பா தர்ப்பணம் முடித்து அந்த வழியாக வந்தார். எங்களைப் பார்த்தார். தெரிந்தவர்போலக் காட்டிக்கொள்ளாமல் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். அம்மாவின் கை ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு, "ஏட்டி, அடுத்த பெட்டியத் தெற" என்றாள். பொழுது சாய்வதற்குள் பெட்டிகள் எல்லாம் காலியாகிவிட்டன.

அப்பா போன கதையை அண்ணன் பல வருஷம் கழித்துத்தான் எனக்குச் சொன்னான். வழியில் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இறங்கி, தெரிந்த அரைகுறை மலையாளத்தில் விசாரித்து, கடைசியில் புனலூரில் ஒரு சாயாக் கடைக்கு வந்து சேர்ந்திருக்கிறார். அண்ணன் அங்கே கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தான். அப்பாவைக் கண்டதும் ஓடவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் இருந்தானாம். அப்பா பெஞ்சில் உட்கார்ந்து சாயா சொன்னார். அதை அவனே கொண்டு வந்து வைக்க வேண்டியதாயிற்று. திட்டுவார் அல்லது அழுவார் என்று எதிர்பார்த்தான். அவர் சாயாவை ஆற்றிக் குடித்துவிட்டு, "இலஞ்சிக்காரனோட ஆடினியே, யாருலே ஜெயிச்சது?" என்று கேட்டார். அண்ணன், "தோத்துட்டோம். ஒரு கோலு நான் போட்டேன்" என்றான். எப்படிப் போட்டாய் என்று அப்பா கேட்க, அவன் சொல்லத் தொடங்கி, பாதியில் சொல்ல முடியாமல் தேம்பிவிட்டானாம். அடுத்த வண்டி வர நெடுநேரம் இருந்தது. இரண்டு பேரும் ஆற்றின் குறுக்கே தொங்குகிற பாலத்தில் அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் நடந்தார்கள். இயந்திரம் வாங்கிய நாளிலிருந்து அப்பா வேலை இல்லாமல் இருந்தது அந்தப் பொழுது ஒன்றுதான்.

திரும்பி வந்தபோது அம்மா கொட்டகையில் ரப்பர் வளையங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். மகனைத் தலையிலிருந்து கால் வரை பார்த்து, சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டாள். அப்புறம் அப்பாவிடம் பெண்களுக்குத் தனி மறைப்பு வேண்டும், பிள்ளைகளுக்குச் சின்ன டம்ளர் வேண்டும், பித்தக்காரர்களுக்கு எலுமிச்சை வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனாள். அப்பா குறுக்கே பேசாமல் கேட்டார். யாரும் உட்கார்ந்து முடிவு எடுத்த மாதிரி எனக்கு நினைவில்லை. மறுநாள் அம்மாதான் கடைக்குப் போனாள். அதற்கு மறுநாளும் போனாள். அப்பா விடிவதற்கு முன்பே அச்சன்புதூர்க்காரரோடு இயந்திரத்தைச் சுற்றிவிட்டு, நாங்கள் விழித்திருக்கும் பொழுதெல்லாம் வீட்டில் இருந்தார். அண்ணனின் கை சக்கரத்திலிருந்து விடுபட்டது. அப்பா சமைக்கவும் பழகினார். அவர் வைத்த ரசத்தை முதல் வாரம் நாங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தோம். பிறகு அம்மாவின் ரசமே எங்களுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

எல்லாம் சுகமாக முடிந்துவிடவில்லை. பெரியப்பா எங்கள் வீட்டு வாசல் மிதிப்பதை விட்டார். அம்பாசமுத்திரத்திலிருந்து எனக்கு வந்திருந்த நல்ல இடம் ஒன்று, பெண்ணின் தாய் அருவிக்கரையில் கடை போட்டிருக்கிறாள் என்று சொல்லி விலகிப்போயிற்று. அம்மா அழுது நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். இனி கடைக்குப் போவதில்லை என்று சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அப்பா என்னைக் கூப்பிட்டார். "இது உன் காரியம். நீ சொல்லுட்டி" என்றார். என் காரியத்தில் என் வாயிலிருந்து ஒரு சொல் கேட்கப்பட்டது அதுவே முதல் தடவை.  "அம்மா போகட்டும். நான் படிக்குதேன்" என்றேன். எங்கிருந்து அந்தச் சொல் வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அப்பா ஒரு வாத்தியாரம்மாவை வீட்டுக்கு வரவழைத்துப் படிக்கவைத்தார். நானும் பின்னாளில் வாத்தியாரம்மா ஆனேன். கல்யாணம் அந்தக் காலத்துக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் நடந்தது. இன்று என் வீட்டிலும் வளர்ந்த பிள்ளைகள் இரண்டு பேர் இருக்கிறார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து நான் களைத்து வருகிற நாளில் அவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு முகம் கொடுக்க மறுக்கும்போது, எதையாவது கேட்க வாய் திறந்து, யார் ஜெயித்தது என்பது மாதிரி ஒரு கேள்வி கிடைக்குமா என்று தேடுகிறேன். எளிதில் கிடைப்பதில்லை.

இரண்டாம் உலக யுத்தம் வந்ததும் அண்ணன் பட்டாளத்தில் சேர்ந்து எங்கோ பாலைவனத்தில் லாரி ஓட்டினான். நல்லபடியாகத் திரும்பி வந்து போலீசில் சேர்ந்து, அவர்கள் அணிக்கும் கால்பந்து ஆடினான். யுத்தத்தின் நடுவில் காற்று உருளைகள் வருவது நின்றுபோனதால் கடையை மூட வேண்டியதாயிற்று. இயந்திரத்தை வாங்கியவர்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டு போன அன்று மத்தியானம், காலிக் கொட்டகையில் அம்மாவும் அப்பாவும் கவிழ்த்த பெட்டிகளின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். நான் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தேன். அம்மா திடீரென்று சொன்னாள்:

"அன்னைக்குப் புள்ளைக்காகத்தான் கடைக்கு வந்தேன்னு எல்லாரும் சொல்லுதாங்க. நானும் ஆமான்னுட்டேன். நெசம் அது மட்டும் இல்ல. இஞ்சிய நசுக்கி நசுக்கி அனுப்பினேன்லா, குடிக்கவங்க மொகத்த ஒரு தடவையாவது பாக்கணும்னு இருந்துச்சு."

"தெரியும்" என்றார் அப்பா. "நீ எந்திரிங்கன்னு சொன்ன தோரணையிலயே தெரிஞ்சு போச்சு. ரயில்ல அதைத்தான் யோசிச்சுக்கிட்டுப் போனேன். பய கிடைப்பானான்னு ஒரு பயம். நீ திரும்ப அடுப்படிக்கு வருவியான்னு இன்னொரு பயம்."

"வரலைன்னா என்ன செய்யலாம்னு நெனைச்சீங்க?"

"அடுப்படிக்கு நான் போவணும்லா" என்றார் அப்பா. "அதான் போனேன்."